அடித்தண்ணீர்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

ஐந்து மாதமாக வாயைத் திறக்கவில்லை. போதும். வேறெங்கும் சொல்ல முடியாவிட்டால் இங்காவது எழுதி வைக்கிறேன்.

சோளகக் காற்று விடியலிலிருந்தே. முற்றம் முழுக்க மணல். மோட்டருக்கு வாசர் மாற்றினேன். பிரஷர் குளிசை முடிந்துவிட்டது, வாங்க மறந்தேன். பாணும் மறந்தேன். மனைவி ஜெஸீமா காலையில் மிஞ்சிய இடியப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்.

விஷயம் இது. வறட்சி உதவித் திட்டம் ஒன்றில் கற்பிட்டிப் பக்கத்துக்குச் சில குழாய்க் கிணறுகள். பட்டியல் மார்ச்சிலேயே, கூட வேலை செய்த ஒருவர் மூலம், என் கைக்கு வந்தது. முதலாவது பெயர் சுலைஹா. முகாமின் தெற்கு ஓரத்தில் வெங்காயத் தோட்டம் வைத்திருக்கும் மன்னார்க்காரி. (முகாம் என்பது பழைய பெயர். தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களின் ஓலைக் கொட்டில்கள். இப்போது கல்வீடு, பள்ளிவாசல், இரண்டு கடை. பெயர் மட்டும் போகவில்லை.) அவளுடைய கிணற்றின் அடியைத் துளைத்து இன்னும் அறுபது அடிக்குக் குழாய் இறக்கப் போகிறார்கள். 25ஆம் திகதி, திங்கள். முகாமில் பெரும்பாலான வீடுகள் குடிக்க அள்ளுவது அந்தக் கிணற்றில்தான்.

இந்த மணலில் ஆழம் போனால் வருவது கடல். அதைச் சொல்லத் தகுதியானவன் இந்த ஊரில் ஒருவன் உண்டென்றால் அது நான். விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கிணறுகளின் தண்ணீரை அளந்தவன். ஊர் எனக்கு வைத்த பெயர் 'உப்பு சேர்'.

சொல்லவில்லை. ஏன் என்று நாளை எழுதுகிறேன். கண் எரிகிறது.

ஓகஸ்ட் 13, புதன்

காற்று அதே. குளிசை வாங்கியாயிற்று.

அலுமாரியிலிருந்து பழைய அளவுக் கொப்பிகளை எடுத்தேன். பூச்சி அரித்தது ஒன்று, மற்றவை பரவாயில்லை. என் குறியீடு எனக்கே இப்போது சிரிப்பாக இருக்கிறது. ந. = நல்லது. கி. = உப்பு கிட்ட வந்துவிட்டது. கூ. = குடிக்கக் கூடாது. தொடக்கத்தில் கூ. எல்லாம் கடற்கரை ஓரத்தில் மட்டும். கடைசிக் கொப்பிகளில் ரோட்டுப் பக்கம் ஏறிவிட்டது. சுலைஹா கிணறு: ந., ந., ந., கி., ந., கி., கி. அதோடு நான் வேலையை விட்டேன்.

யாராவது படித்தால் விளங்க வேண்டுமே என்று எழுதுகிறேன் (யார் படிக்கப் போகிறார்கள்?). இந்த நிலம் ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் உப்புநீர்க் களப்பும் உள்ள மணல் நாக்கு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல் தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதக்கிறது, காய்ச்சிய பாலில் ஆடை மாதிரி. நாங்கள் குடிப்பதும் வெங்காயத்துக்கு ஊற்றுவதும் அந்த ஆடையைத்தான். பழைய ஆட்களுக்கு இது தெரியும். கிணற்றை அகலமாகத் தோண்டினார்கள், ஆழமாக அல்ல. காலையில் கொஞ்சம் இறைப்பு, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு கொஞ்சம். இடையில் கிணற்றைச் சும்மா விடுவார்கள்.

அப்போது மழையும் ஒழுங்கு. ஒக்டோபரில் தொடங்கினால் நாள்கணக்கில் தூறும், மணல் ஆறுதலாகக் குடிக்கும். இப்போது இரண்டு மாதத்து மழை ஒரே பகலில் கொட்டுகிறது. வயல் மாதிரி நிற்கிறது, விதை வெங்காயம் அழுகுகிறது, பாதி களப்புக்கு ஓடுகிறது. பிறகு மாதக்கணக்கில் ஒரு சொட்டு இல்லை. ஆடை மெலிகிறது. கிணறு வற்றுகிறது என்று ஊர் நினைக்கிறது. அனுராதபுரத்தில் கிணறு வற்றினால் ஆழமாக்குவார்கள், அங்கே அது சரி. இங்கே ஆழமாக்குவது பாலாடையைக் கரண்டியால் குத்துவது.

நான் வாய் திறக்காததற்குக் காரணங்கள்:

— குழாய் இறக்கும் ஒப்பந்தம் அமீன் மச்சானுடையது. என் மூத்த சகோதரி ராத்தாவின் புருஷன், ஊருக்கு ஹாஜியார். வாப்பாவின் களப்புக்கரைத் தென்னந்தோட்டம் ராத்தாவின் சீதனமாக அவருக்குப் போய், அவரிடமிருந்து ஒரு ஹோட்டல்காரனுக்குப் போனது. இருபது வருடம் அவர் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

— நான் வேலை செய்த கந்தோர். நான் எழுதிக் கொடுத்த அறிக்கைகளை றாக்கையில் அடுக்கினார்கள். மூன்றாவது அறிக்கைக்குப் பிறகு என்னை உரக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள்.

— ஊர். 'உப்பு சேர் வாறாரு, கறிக்குப் போட்டுக்கொள்ளுங்க.' இதைச் சொன்னவன் பெயர்கூட நினைவிருக்கிறது.

— இதெல்லாம் பாதிதான். நான் காத்திருந்தேன். குழாய் இறங்கட்டும், உப்பு ஏறட்டும், பிறகு எல்லோரும் என் வாசலுக்கு வந்து 'நீங்க சொன்னது சரி சேர்' என்று நிற்கட்டும்.

எழுதிவிட்டுப் படிக்க அசிங்கமாக இருக்கிறது. அழிக்கப் போவதில்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

வெயில். உதடு வெடிக்கிறது. சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். முகாமுக்குப் போனேன்.

வழியில் ஹோட்டல், அதாவது வாப்பாவின் தோட்டம். பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு இந்தச் சோளகம் பெருநாள். வாசலில் போன மாதக் கூட்டத்துப் பதாகை இன்னும் கிடக்கிறது: 'காலநிலை மாற்றமும் உணவுப் பாதுகாப்பும்.' காற்று நடுவில் கிழித்திருக்கிறது. குழாய்க் கிணறுகளை அறிவித்தது அந்தக் கூட்டத்தில்தான். எனக்கு அழைப்பு வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் வெங்காயச் சலாது இருந்ததாம், இறக்குமதி வெங்காயம். ரோட்டின் அந்தப் பக்கம் வெங்காய லொறிகள் இடமில்லாமல் வரிசையில் நிற்கும் ஊரில்!

தேத்தண்ணிக் கடையில் லொறிக்காரன் ஒருவன்: 'இந்த முற கற்பிட்டி வெங்காயம் கோலிக்குண்டு சைஸ். கொழும்புல கேக்கிறாங்க, இது வெங்காயமா, விதையா எண்டு.' எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் மருமகன் வெங்காயம் போட்டிருக்கிறான்.

சுலைஹா தோட்டத்தில் தனியாக நின்றாள். நாற்பத்தைந்து இருக்கும். பத்து வயதில் வள்ளத்தில் வந்தவள். புருஷன் கட்டாரில், மூன்று பெண் பிள்ளைகள்.

'வாங்கோ சேர், கனகாலம். வழி மாறி வந்திட்டீங்களோ?'

'வெங்காயம் பாக்க வந்த.'

'அதுகள் உங்களப் பாத்தா வெக்கப்படும்.'

உண்மைதான். தாள்களின் நுனி பொசுங்கி, வைக்கோல் நிறம். தண்ணீர்க் குறைவு என்று அவள் நினைக்கிறாள். உப்பு என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. இரண்டு விரலால் ஒரு தாளைத் தடவினேன்.

'பத்து மணிக்கே கிணறு அடி தெரியுது சேர். பம்ப் காத்து இழுக்குது. பைப் போட்டா விடியத் தொடங்கி மஃரிப் மட்டும் ஓடும் எண்டு ஹாஜியார் சொன்னவர். இந்தக் காய் பெருக்க இன்னும் மூணு கிழமைத் தண்ணி வேணும். அது கிடைச்சாப் போதும்.'

'குடிக்கிறதும் இதுலதானே?'

'வேற எங்க? தண்ணிப் பவுசர் வந்தா வருது, வராட்டி இல்ல. மத்தக் கிணறெல்லாம் எப்பவோ சவராகி உப்புக் கரிக்குது.'

தேத்தண்ணி தந்தாள். சீனி நிறையப் போட்டிருந்தாள். சீனிக்குக் கீழே உப்பு இருந்தது, மிக லேசாக. அவர்களுக்குப் பழகிவிட்டது. முழுக்கக் குடித்தேன்.

சொல்லாமல் வந்துவிட்டேன். அவள் முகத்தில் 25ஆம் திகதி இருந்தது. அதை எப்படி எடுப்பது?

ஓகஸ்ட் 15, வெள்ளி

ஜும்ஆ. குத்பாப் பிரசங்கம் நீளம். பொறுமையைப் பற்றி. எனக்கென்றே போல.

தொழுகை முடிந்ததும் நேரே அமீன் மச்சான் வீடு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவர் கதிரையில் காலை நீட்டி இருந்தார், வலது பாதத்தில் துணிக்கட்டு. சீனி வருத்தம், நீரிழிவு. எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

'நபீஸா! ஒங்கட தம்பி வந்தீக்காரு. கியாமத் நாள் கிட்ட போல, உலகம் முடியப் போகுது.'

ராத்தா உள்ளிருந்து ஓடி வந்தாள். தலைமுடி முழுக்க வெள்ளை. உடனே திரும்பிப் போய்த் தொதல் இனிப்புக் கொண்டு வந்து வைத்தாள்.

நான் சொன்னேன். ஒழுங்காக, குரலை உயர்த்தாமல். கொப்பியும் கொண்டு போயிருந்தேன்.

'அறுபதடியில தண்ணி வருமா, வராதா? அதச் சொல்லுங்க மச்சான்.'

'வரும்.'

'அப்ப?'

'முதல் நல்லா வரும். எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. பிறகு சவர் ஏறும். குழாயில மட்டுமில்ல, கிணறு முழுக்க.'

'பிறகெண்டா எப்ப?'

'ரெண்டு மாசம். கூடினா ஒரு போகம்.'

'அதுக்குள்ள அல்லா மழ தருவான்.'

'மழ பெஞ்சாலும் ஏறின உப்பு லேசுல இறங்காது. வடக்குப் பக்கம் போட்ட குழாய் என்ன ஆச்சு? அந்த மனுஷன் தோட்டத்த விட்டுட்டு இப்ப த்ரீவீல் ஓட்டுறாரு.'

'அவன் பம்ப நிப்பாட்டாம ஓட்டின.'

'முகாமில நிப்பாட்டுவாங்களா?'

குனிந்து பாதத்தின் கட்டை இறுக்கினார். பிறகு மெதுவாகத் தொடங்கினார். 'போன கிழம பவுசர் வரல்ல. பொம்புளயள் வாளியோட ரோட்டுல மூணு மணித்தியாலம் வெயில்ல நிண்டாங்க. நான் பாத்த. நீ எங்க ஈந்த? நீ கொப்பியில எழுதிக்கிட்டு ஈந்த. நான் இந்தக் காலோட கொழும்புக்கு நாலு தரம் போய்த்தான் மெசின எடுத்தீக்கிறன். ஆரு எனக்கு வேணாமெண்டு சொன்ன? ஒரு மனுஷன் சொல்லல்ல.'

'நான் சொல்றனே.'

'நீ சொல்றது தண்ணிக்காண்டி இல்ல மச்சான். தோட்டத்துக்காண்டி. இருவது வருஷம் என்ட முகத்தப் பாக்கல்ல, இண்டைக்கு உப்பத் தூக்கிக்கிட்டு வந்தீக்கிறாய். ஊருல ஆரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. போய்க் கேட்டுப் பாரு.'

கேட்கத் தேவையில்லை. சந்தியில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எங்கே இரண்டு பேர் காது தந்தாலும் நான் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். இருபது வருடம். நான் எதைச் சொன்னாலும் அதே கதையின் மிச்சம் என்றுதான் கேட்பார்கள்.

அவர் பொய்யன் இல்லை. இன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் உண்மையாகவே தண்ணீர் கொடுப்பதாக நினைக்கிறார்.

தொதலில் ஒரு துண்டு சாப்பிட்டேன். ராத்தா வாசல் வரை வந்து, 'அடிக்கடி வா தம்பி' என்றாள். ஒன்றும் நடக்காதது மாதிரி.

ஓகஸ்ட் 16, சனி

விடியலில் சுபஹ் தொழுகை முடிந்தவுடன் சைக்கிளில் முகாம். காற்று அந்நேரத்தில் மட்டும் கொஞ்சம் அடங்குகிறது. பம்ப் போடுமுன் போக வேண்டும், தண்ணீர் கலங்காமல் இருக்க வேண்டும்.

கொண்டு போனது: கண்ணாடிச் சோடாப் போத்தல் ஒன்று. தக்கை. அடியில் கட்டக் கல். கயிறு இரண்டு, ஒன்று போத்தல் கழுத்துக்கு, ஒன்று தக்கைக்கு. கந்தோரில் கருவி பழுதான வருடம் நானே செய்துகொண்ட முறை.

மூடிய போத்தலைக் கிணற்றின் அடிவரை இறக்கினேன். தக்கைக் கயிற்றைச் சுண்டி இழுத்தேன். குமிழி வந்தது. நிரம்பியதும் தூக்கினேன். வாளியால் மேல் தண்ணீர் ஒரு கோப்பை எடுத்து, இரண்டையும் சுலைஹாவிடம் கொடுத்தேன்.

மேல் தண்ணீரைக் குடித்தாள். போத்தலில் ஒரு வாய் எடுத்தாள். துப்பவில்லை. விழுங்கிவிட்டு நின்றாள்.

'இது என்ட கிணத்துத் தண்ணியா?'

'அடியில உள்ளது.'

'மேல உள்ளது இதுக்கு மேலயா நிண்டது, இவ்வளவு நாளும்?'

'ஓம். குழாய் இறங்கிறது இதுக்கும் கீழ.'

கிணற்றுக் கட்டில் இருந்தாள். ஒரு கை மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

'காய் பெருக்காது போல, சேர்.'

'இருக்கிறதக் காப்பாத்தலாம். தண்ணி குறைச்சு, ரெண்டு நேரம். பக்கத்துல இன்னொரு கிணறு, ஆழமில்லாம, அகலமா. இதுக்கு ஓய்வு குடுக்கலாம். மெசின் ஆக்களே தோண்டித் தரலாம்.'

'நான் பைப் வேணாமெண்டு சொன்னா என்ன கதைப்பாங்க தெரியுமா? குடுக்கிறதயும் வேணாமெண்டுதுகள், வந்ததுகள். முப்பத்தஞ்சு வருஷம் சேர். என்ட புள்ளயள் இஞ்ச பிறந்ததுகள். இன்னும் நாங்க வந்ததுகள்தான். முகாமாக்களே என்ன விட மாட்டாங்க. தண்ணி வருதெண்டு வாளியெல்லாம் கழுவி வெச்சிருக்காங்க.'

'நான் பள்ளிவாசல்ல சொல்லட்டா?'

சிரித்தாள். நல்ல சிரிப்பு, குத்தல் இல்லை. 'கோவிக்காதீங்கோ சேர். நீங்க எழும்பினாலே ஹாஜியார்ட கதைதான் வரப்போகுதெண்டு அரைவாசிப் பேர் செருப்புப் போட்டுருவாங்க.'

இரண்டாவது ஆள், இரண்டு நாளில்.

போத்தலை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணுக்கு இரண்டும் ஒரே தண்ணீர். 'நான் ஒராள் சொல்லி ஒண்டும் நிக்காது. எல்லாரும் குடிச்சிப் பாக்கணும். அவங்கவங்க வாயால.'

போத்தலை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். வரும்போது எதிர்க்காற்று, மிதிக்கவே முடியவில்லை. இறங்கித் தள்ளினேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

பகல் முழுக்க வீட்டில். கோழிக்கூட்டுக்குக் கம்பி. ஒன்பது நாள் இருந்தது, எட்டு நாள் ஆகிவிட்டது.

வானொலியில் சந்தைச் செய்தி. எங்கோ கோதுமை காய்ந்துவிட்டது, எங்கோ நெல் வெள்ளத்தில், ஒரு நாடு தன் வெங்காயத்தை வெளியே விடமாட்டேன் என்கிறது. பாண் விலை மறுபடி ஏறுமாம். அறிவிப்பாளர் ஒவ்வொன்றையும் தனித்தனிச் செய்தியாக வாசித்தார். எல்லா இடத்திலும் நடப்பது ஒன்றே என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும். வானம் முறை தவறுகிறது, மனிதன் பயந்துபோய் இருப்பதைக் கடைசிவரை உறிஞ்சுகிறான், அல்லது மூடி வைத்துக்கொள்கிறான். பயந்தவனைத் திட்டி என்ன பயன்? பவுசர் வராத ரோட்டில் நானும் வாளியோடு நின்றால், அறுபதடி என்ன, நூறடி இறக்கச் சொல்வேன்.

மலையகத்துத் தேயிலைத் தோட்ட லய வீடுகளில் ரொட்டியும் வெங்காயச் சம்பலும் சாப்பிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த மணல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இந்தக் கிணறு போனால் அவர்கள் சம்பலில் ஒரு வெங்காயம் குறையும். அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அஸருக்குப் பிறகு ஜெஸீமாவிடம் எல்லாம் சொன்னேன். கொச்சிக்காய்க் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டாள். முழுவதும் கேட்டாள். கடைசியில்: 'கடிதம் எழுதுங்க.'

'என்ட பேரப் பாத்தா ஆரும் படிக்க மாட்டாங்க.'

'பேரு போடச் சொல்லி நான் சொன்னனா?'

மொட்டைப் பெட்டிசம்! எனக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் எழுதியதில்லை. கந்தோரில் வாரத்துக்கு நான்கைந்து வரும். இன்னார் உரம் திருடுகிறார், இன்னார் மாடு அரச காணியில் மேய்கிறது. பெயர் போடத் துணிவில்லாதவனின் காகிதம் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அதோடு இதையும் எழுத வேண்டும். பெயர் போட்ட கடிதங்களை நாங்கள் கோப்பில் வைத்துக் கட்டினோம். மொட்டைப் பெட்டிசத்தை மட்டும் மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டுப் படிப்பார். யார் எழுதியது என்று தெரியாததால் எல்லோருக்கும் பயம், அதனால் விசாரணை. என் மூன்று அறிக்கைகளிலும் கையெழுத்து, பதவி முத்திரை, திகதி எல்லாம் ஒழுங்காக இருந்தன.

மஃரிப் வரை எழுதினேன். ஆறு பக்கம்.

ஓகஸ்ட் 18, திங்கள்

மேகம் கொஞ்சம் இருந்தது. பெய்யாது.

ஆறு பக்கத்தையும் காலையில் ஜெஸீமாவிடம் கொடுத்தேன். என் எழுத்து ஊருக்கே தெரியும், பாதிப் பேரின் விண்ணப்பங்களை நான்தான் எழுதினேன். அவள் எழுத்து யாருக்கும் தெரியாது. 'நான் எழுதித் தாறன்' என்றாள். பிறகு பேனாவை எடுத்து வெட்டத் தொடங்கினாள்.

'இது என்ன, "அறிக்கைகளைக் குப்பையில் போட்ட அறிவிலிகள்"?'

'உண்மதானே.'

'உண்மதான். தண்ணிக்கு என்னத்துக்கு?' வெட்டினாள்.

தென்னந்தோட்டம் வந்த பந்தி. வெட்டினாள். ஹோட்டல் பதாகை. வெட்டினாள். சலாது. 'இது நல்லா ஈக்கு' என்று சிரித்துவிட்டு வெட்டினாள். எனக்கு மிகப் பிடித்த வசனம் ஒன்று, அமீன் மச்சானைப் பெயர் சொல்லாமல் சொன்னது. அந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

'இதுல ஒங்கட குரல் கேக்குது.'

'ஒரு வசனம் ஈக்கட்டும்.'

'ஒரு வசனம் போதும், ஆரெண்டு தெரியிறதுக்கு. பிறகு கிணறும் இல்ல, போத்தலும் இல்ல. ஹாஜியாரும் நீங்களும் மட்டும்தான் மிச்சம்.'

வெட்டச் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். மத்தியானம் வரை அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை, மீன் பொரித்தாள்.

மிஞ்சியது அரைப் பக்கம். அவள் எழுதியது இது:

'முகாம் சகோதரர்களுக்கு. 25ஆம் திகதி குழாய் இறக்குமுன் ஒரு நாள், சுபஹுக்குப் பிறகு பம்ப் போடாமல், ஒரு போத்தலைத் தக்கையால் மூடிக் கல்லும் கயிறும் கட்டிக் கிணற்றின் அடிக்கு இறக்குங்கள். தக்கையைக் கயிற்றால் இழுங்கள். வரும் தண்ணீரை எல்லோரும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். குழாய் போவது அதற்கும் கீழே. மெசின் கொண்டு வருபவர்கள் உங்களுக்கு நல்லதை நினைத்துத்தான் கொண்டு வருகிறார்கள். அவர்களையும் குடிக்கச் சொல்லுங்கள். பிறகு, ஆழத்துக்குப் பதிலாக அகலமாக, பக்கத்தில் இன்னொரு கிணறு கேளுங்கள். அது கிடைக்கும்வரை காலையிலும் அஸருக்குப் பிறகும் மட்டும் இறையுங்கள்.'

'நல்லதை நினைத்துத்தான்' என்பது அவளே போட்டது. அதை வெட்டச் சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தேன். வெள்ளிக்கிழமை அந்தக் கால்கட்டைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது. இருக்கட்டும்.

இரண்டு பிரதி. ஒன்று முகாம் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு, ஜும்ஆவில் வாசிக்க வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைக்க வேண்டும். மற்றது திட்டத்தின் பொறியியலாளருக்கு, என் கொப்பியின் கடைசிப் பக்கங்களின் நகலோடு. நகலில் என் பெயர் இருந்த மேல் ஓரத்தைக் கத்தரித்தேன். கத்தரித்த துண்டு மேசையில் கிடக்கிறது.

நான் எழுதியது என்று மச்சானுக்குத் தெரியாமலா போகும்? தெரியும். ஆனால் காகிதத்தில் பெயர் இல்லாதவரை அவர் அதோடு சண்டை போட முடியாது, போத்தலோடுதான் போட வேண்டும். சுலைஹாவும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கிணறு தப்பினால் யார் தப்பவைத்தது என்று ஒருவரும் சொல்லப் போவதில்லை. என் வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள். இதைத்தான் பகல் முழுக்க விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஜெஸீமா கடிதத்தின் அடியில் இரண்டு விரல் அகலம் வெறுமையாக விட்டிருக்கிறாள். இப்போது வந்து கேட்டாள், 'பேரு போடப் போறீங்களா?' பேனா என் கையில்தான் இருந்தது. என் பெயரைப் பார்த்தால் போத்தலை இறக்க மாட்டார்கள்.

மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன், இரண்டையும். இங்குள்ள தபால் கந்தோரில் கொடுக்க முடியாது, அங்கே வேலை செய்யும் பிள்ளைக்கு என்னைத் தெரியும். நாளைக் காலை ஏழு மணி பஸ், பாலாவிச் சந்தித் தபால் பெட்டி. முத்திரை இருக்கிறது. பெயர் இல்லாமலே போகட்டும்.